டிவி மூலையில பச்சை

மூணாவது தடவைண்ணே! நீங்களும் மெக்கானிக்குன்னு போர்டு மாட்டியிருக்கீங்க... வந்து அந்தக் கம்பி வளையத்தை டிவி முன்னால சுத்துறீங்க, படம் பளிச்சுனு ஆயிடுது. நீங்க தெருமுனை தாண்டியிருக்க மாட்டீங்க, அந்த மூலையில மறுபடியும் பச்சை! செய்தி வாசிக்கிறவருக்கு நெத்தியெல்லாம் பாசி புடிச்ச மாதிரி இருக்கு.

என் டிவின்னா போகட்டும்னு விட்டுடுவேன். இது எங்க வீட்டுக்காரரோட அக்கா, வீடு மாறுற வரைக்கும் இருக்கட்டும்னு வச்சுட்டுப் போனது. இன்னிக்கு நாலு மணிக்கு எடுத்துட்டுப் போக வர்றாங்க. நான் வேற போன்ல, "அண்ணி, உங்க டிவி ஆரம்பத்துலேருந்தே கோளாறு"ன்னுட்டேன்! எனக்கு வாயே திறக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க... என்ன சிரிக்கிறீங்க? வெளியாளுங்க கிட்ட அப்படித்தாண்ணே. இந்த வாரம் உங்களைப் பாத்த அளவுக்கு எங்க வீட்டுக்காரரைக்கூடப் பாக்கல.

மொத தடவை, உள்ள துப்பாக்கி இருக்குன்னீங்க பாருங்க... பிள்ளையைத் தூக்கிட்டு அடுப்படிக்கு ஓடிட்டேன்! அப்புறம்தான் சொன்னீங்க, அது கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் சுடும், கண்ணாடியில இருக்கிற செவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் குறி பாத்து அடிக்கும்னு. நல்ல குறி! செவப்பை அடிடான்னா பச்சையில போய் அடிக்குது.

ம்... சுத்துங்க, சுத்துங்க. அம்மாடி, வானவில்லைக் கரண்டி போட்டுக் கலக்குற மாதிரி... ஆ, போயிடுச்சு! மூஞ்சி மூஞ்சியா இருக்கு.

சரி, நீங்க பையைக் கட்டுங்க. நான் இந்தச் சாமானையெல்லாம் டிவி மேல எடுத்து வச்சுடுறேன். நீங்க வர்றீங்கன்னா மொதல்ல இதையெல்லாம் டிவி மேலேருந்து ஒதுக்கித் துடைச்சு வைப்பேன். குப்பையா கெடந்தா என்ன நினைப்பீங்க? விரிப்பு... சீப்பு... ஊசி வைக்கிறது...

ஐயையோ! பச்சை! நீங்க இருக்கும்போதேண்ணே!

என்ன, என் கையைக் காட்டுறீங்க? இதுவா? பழைய ஸ்பீக்கரை ஒடச்சு எடுத்த காந்தம். தையல் ஊசியெல்லாம் இதுல ஒட்டி வைப்பேன். பிள்ளை எதைப் பாத்தாலும் வாயில போடுது, அதுக்கு எட்டாத இடம் டிவி மேலதான்...

தள்ளி எடுக்கணுமா? அட, பச்சையும் நகருதே! காந்தம் இழுத்தா கதிர் வளைஞ்சு போகுமா? அப்ப... மூணு தடவையும்... நானா?

சிரிக்காதீங்கண்ணே! ஒரே ஒரு சுத்து சுத்திடுங்க, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது. காந்தத்தைப் பைக்குள்ள போடுங்க, சீக்கிரம்...

வாங்க அண்ணி! டிவியா? அதுக்கென்ன, முத்து மாதிரி இருக்கு. இவரா? இவரு... ஊசி கேட்டு வந்தவரு.