அஞ்சாம் நம்பர் கீ

— கதவைச் சாத்திட்டு உக்காருங்கக்கா. கீபோர்டு பழுதுன்னு நான் எழுதித் தரணும், அதானே?

— ஆமா தம்பி. கம்ப்யூட்டர் பாக்குறவர் சொன்னா இந்த லேப்ல மறுபேச்சு ஏது.

— பழுது இல்லையேக்கா. உங்க வலது கை மவுஸைப் பிடிக்க மாட்டேங்குதுன்னு, கீபோர்டு ஓரத்து நம்பர் கீயாலயே அம்புக்குறியை நகர்த்த வச்சுக் கொடுத்தவன் நான். எட்டு மேல, ரெண்டு கீழ, அஞ்சைத் தட்டினா கிளிக். எந்திரிக்கும்போது அந்த வசதியை அணைச்சுடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

— தினமும் அணைச்சுட்டுத்தான் வர்றேன். மூணு கீயைச் சேர்த்து அமுக்கணும். இடது கையில ரெண்டு, வலது விரல்ல ஒண்ணு. காலையில அந்த விரல் கொஞ்சம் பேச்சு கேக்கும். வேலை முடியறப்போ மரத்துப்போயிடுது. அன்னிக்குச் சரியா அமுங்கலை போல.

— அம்புக்குறி ‘அனுப்பு’ மேலயே நின்னிருக்கு. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பொண்ணு, பேப்பரைப் பாத்துக்கிட்டே ஒரு பெரியவரோட சர்க்கரை அளவு ஐம்பத்தாறுன்னு அடிச்சிருக்கா. அஞ்சைத் தட்டினதுமே நம்பர் விழாம கிளிக் ஆகி, அந்தக் கட்டம் காலியா ரிப்போர்ட் போயிடுச்சு. வார்டுல யாரும் கவனிக்கலை, சர்க்கரை இறங்கிப்போய்ப் பெரியவர் மயங்கி விழுந்துட்டார்.

— இப்ப எப்படி இருக்கார்?

— கண்ணு முழிச்சிட்டார். ஏதோ நல்ல நேரம்.

— அப்ப விடுங்களேன், பழி அந்தப் பொண்ணு மேலயே போகட்டும். அவளுக்குச் சின்ன வயசு, நல்ல கை. எங்க போனாலும் பிழைச்சுக்குவா. என் கை விஷயம் வெளிய தெரிஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. படுத்த படுக்கையா என் வீட்டுக்காரர், படிக்கிறதுங்க ரெண்டு. என் வயித்துல அடிச்சுடாதீங்க தம்பி.

— எனக்கும்தான் ரெண்டு நாளா சோறு இறங்கலை.

— அவ என்ன சொல்றா? விசாரணையில என்னைக் காட்டிக் கொடுத்துட்டாளா?

— எழுதியே கொடுத்துட்டாக்கா.

— என்னன்னு?

— ‘என்னோட கவனக்குறைவு, வேற யாருக்கும் சம்பந்தமில்லை’ன்னு. உங்க பேச்சே அதுல இல்லை.

— அவளுக்கு விஷயமே தெரியாதுதானே.

— வெளிய வந்து என்கிட்ட மட்டும் அழுதா. ‘நாலு மாசமா அக்கா ஒரு நாள்கூட அதை அணைக்கலை அண்ணா. பாவம், அவங்க விரல் அமுங்கலை. தினமும் வந்ததும் நான்தான் அணைச்சுட்டு உக்காருவேன். அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டேன்’னு.