பதினாலில் ஒன்பது

எத்தனை போனது என்று கேளுங்கள். இந்த விழுப்புரம் லேபில் நான் அதைக் கேட்கவே கூடாது என்றார் மேனேஜர் கோதண்டபாணி. விசாரிக்க வந்த நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

திண்டிவனம் கிளையில் எடுக்கும் ரத்தத்தை இங்கே சோதிப்போம். முடிவு மோசமென்றால் மட்டும் அன்று மாலையே கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் லைன் வழியாக அங்கே அனுப்புவோம். ஒன்றும் வரவில்லையென்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் பழகிவிட்டது.

முன்பு ஒவ்வொன்றாக அனுப்பினேன். நேரமாகிறது, மொத்தமாகக் கட்டி ஒரே உத்தரவில் அனுப்பு என்றார் மேனேஜர். புரோகிராம் எழுதினேன். பாதியில் லைன் அறுந்தால் கம்ப்யூட்டர் தவறு என்று சொல்லாது. அதுவரை எத்தனை போனதோ அந்த எண்ணைத் தரும். ஒன்றே ஒன்று போயிருந்தாலும் திரையில் 'அனுப்பியாயிற்று' என்று வரும். எண்ணைச் சரிபார்த்து மிச்சத்தை மறுபடி அனுப்ப நாலு வரி சேர்த்தால் போதும். சேர்க்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஓடிக்கினு இருக்கறதுல கை வெக்காத. பி.எஸ்சி.ன்னா கொம்பா? உங்கப்பன் கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கறான், நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? ஜல்தியா அனுப்பிட்டு வூட்டுக்குப் போம்மா."

ஆறு மாதம், விட்டுப்போனதையெல்லாம் நானே கையால் அனுப்பினேன். அதனால்தான் தவறு யார் கண்ணிலும் படவில்லை. போன மாதம் ஒன்பதாம் தேதி பதினாலில் ஒன்பது போனது. பத்தாவது பெயர் பெருமுக்கல் சின்னபொண்ணு. எட்டு மாதக் கர்ப்பம், சர்க்கரை எக்கச்சக்கம். படித்தேன். ஒரு தடவையாவது இவர்களுக்குத் தெரியட்டும் என்று மிச்சத்தை அனுப்பாமல் மெஷினை அணைத்தேன்.

மறுநாள் அவள் புருஷன் பாண்டுரங்கன் கிளைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் வரலீங்க. நல்லாத்தான் இருக்காங்க."

சந்தோஷத்தில் கால் கிலோ ஜிலேபி வாங்கிப் போயிருக்கிறார். நாலாம் நாள் அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

நீங்கள் லைன் கோளாறு என்று எழுதி வைத்து என் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். கோதண்டபாணி தலையாட்டுகிறார். அந்த நாலு வரியை இன்னும் யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. ஒரு ஆள் போதவில்லை போலிருக்கிறது. நான் வேறு என்னதான் செய்வது?

கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டாயிற்று, கடிதம் மேஜைமேல் இருக்கிறது. இன்று மொத்தமாகக் கட்டியது பதினொரு முடிவு. நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அனுப்பினேன். நாலு போனது. மிச்ச ஏழு அப்படியே கிடக்கிறது; அந்தப் பெயர்களை இந்தத் தடவை நான் படிக்கவில்லை. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. கொஞ்சம் வழி விடுங்கள்.