இருபது நிமிஷம் பின்னாடி ஓடும் வாட்ச்

"வாட்ச் கரெக்டா ஓடிச்சின்னா நாம காலிடா."

பழவேற்காட்டிலிருந்து மெட்ராஸ் போகும் பஸ். முன்சீட்டில் பசியாவரத்து மாமனும் மச்சானும். நின்றுபோன பழைய ஃபாரின் வாட்ச்சை மாமன் கைக்குட்டையில் முடிவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இன்னா மாமா பேசறே? மெட்ராஸ்ல கம்பெனியே கீது. ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டுத் தருவான். வழியில கீற பொன்னேரி கடைக்காரன் இன்னாத்தப் போடுவான்?"

"ஏரியில சாயங்காலம் நம்ம முறை முடிஞ்சா வலையை எடுத்துட்டு பக்கத்து ஊருக்கு விடணும். இந்த வாட்ச்தான் ரெண்டு ஊருக்கும் கணக்கு. உன் நைனா காலத்துலேர்ந்து இது சாயங்காலத்துக்குள்ள இருபது நிமிஷம் பின்னாடி போவும். கம்பெனிக்காரன் அதைச் சரி பண்ணிடுவான்."

"பொன்னேரிக்காரன்?"

"எவ்ளோ பின்னாடி வேணும்னு கேட்டு வைப்பான்."

பொன்னேரியில் பஸ் நிற்பதற்குள் மச்சான் இறங்கிவிட்டான்.