நிறம் பிடிக்கும் வெயில்

— நான் வந்தப்பொறம் சொல்லப்பிடாதா அந்த டாக்டரு? உங்கிட்டயே நேரா சொல்லிட்டாரா மக்கா?

— நேத்தே நீங்க வருவியன்னு பாத்தாரு, அப்பா. வரல்லியே.

— நேத்து பஸ்ஸே ஓடல்ல. நம்ம ஊரத் தமிழ்நாட்டோட சேக்கணும்ணு தக்கலையில மறியல். அத விடு. காதுப் புண்ணு என்ன புண்ணாம்?

— கேன்சராம். கழுத்துல உள்ள கட்டியும் அதுதானாம்.

— மாதாவே! தொலியிலயா? வெத்தில, பொயில ஒண்ணும் தொட்டவ இல்லியே நீ!

— வெயிலாக்கும் காரணம். உங்க தொலியில உள்ள கறுப்பு வெயில தடுக்குமாம். எனக்கு அது பிறவியிலயே இல்ல. வெள்ளைக்கார டாக்டரு அவருக்க காதத் தொட்டுக் காட்டி, 'நீயும் நானும் ஒரே ஜாதி, நான் தொப்பி வச்சேன், நீ வைக்கல்ல'ன்னு சொல்லுதாரு.

— வெளையாட்டா அவருக்கு?

— எனக்கும் சிரிப்பு வந்துட்டு அப்பா. பொறவு, எத்தன வருசம் வெயில்ல நின்னேன்னு கேட்டாரு. கருவாடு உணக்கப் போனேன்னு மட்டும் சொன்னேன்.

— குளோரி, அது பத்து வயசுக்கு மேலதான. அதுக்கு முன்ன உள்ளதச் சொல்லல்லியா?

— இல்ல.

— மதாம்மக்குட்டி, வெள்ளக்காரிப் பிள்ளன்னு ஊரு சிரிச்சுது. வெயில்ல கெடந்தா மீனு கறுக்கும், பிள்ளையும் கறுக்கும்ணு நெனச்சா உங்கம்மை. தெனமும் பூசை முடிஞ்சா எண்ணெயத் தேச்சு மணல்ல கிடத்துவா. மேலெல்லாம் செவந்து உரியும். பொறவு புள்ளி புள்ளியா வந்துது. நிறம் பிடிக்குது பாருங்கன்னு ஓடியாந்து காட்டுனா. நானும் நம்பினேன் மக்கா.

— அது அம்மைக்குத் தெரியவே பிடாது. பிறவி நோயின்னு சொல்லுங்க.

— அதெப்படி...

— நான் அடுத்த திருநாளு காணமாட்டேன். நான் போனப்பொறம் எங்கம்மை நெஞ்சுல அடிச்சே செத்துருவா. எனக்க மேல சத்தியம் பண்ணுங்க.

— முடியாது.

— ஏன்? இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா?

— உனக்க அக்கா செசிலி பெத்து இருபது நாளாச்சு. உங்கிட்ட மறைச்சோம். ஆம்பளப் பிள்ள, உன்ன மாதிரியே வெள்ளை; நான் பஸ் ஏற வரும்போ, உங்கம்மை அவனத் தூக்கிட்டு மணலுக்குப் போறா.