துரு பூசிக்கொண்ட கப்பல்

இந்தச் சபைக்குத் தலைமையேற்றுத் தகுதி சேர்த்திருக்கும் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே, மேல்தளத்து வெயிலையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சுரண்டிச் சுரண்டித் தோல் உரிந்த கைகளுக்குச் சொந்தக்காரர்களான என் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

போர் பார்த்த கப்பல் இது. பீரங்கி சுமந்த கப்பல் இது. பிறகு ஐம்பது ஆண்டுகள் பேச்சுத்துணையின்றித் துறைமுக மூலையில் கிடந்த கப்பலும் இதுதான். இதை மீட்டவர் யார்? முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, என் அக்காவின் கணவர், அவர்தான். கொதிகலன் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு அவர் ‘துரு மாமா’. ஒன்பது ஆண்டுகள், ஒரு ஞாயிறு தவறாமல் சுரண்டினார், தேய்த்தார், சாயம் பூசினார். தட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அக்கா பார்த்துக்கொள்வார்.

ஆனால் அடித்தகடுகள் கசிந்தன. மழைக்காலத்துக்குள் மாற்றாவிட்டால் உடைக்க அனுப்பிவிடுவோம் என்றது துறைமுக அலுவலகம். அந்த வேளையில்தான் ஒரு படக்குழு வந்தது. போர்க்காலக் கதை, நாற்பது நாள் படப்பிடிப்பு. வாடகைக்குப் பதிலாக அடித்தகடுகளை மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆனந்தம் அல்லவா? ஆனந்தம்தான், கலை இயக்குநர் அம்மையார் ஒரு வாளியைத் திறக்கும் வரை.

“என்னம்மா அது?” என்றார் அத்தான்.

“துரு சார். கப்பல் ரொம்பப் புதுசாத் தெரியுது. மாசக்கணக்கா கடல்ல கிடந்த மாதிரி இருக்கணும். பக்கம் முழுக்கப் பூசப்போறோம்.”

எண்ணிப் பாருங்கள். ஒன்பதாண்டு துருவோடு மல்லுக்கட்டியவர் முன்னால் ஒரு வாளித் துரு. அத்தான் ஏணிக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். “கப்பல் முழுகினாலும் முழுகட்டும். துரு ஏறாது.”

படக்குழு பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது. அவரிடம் பேச யாருக்குத் துணிவு உண்டு? என் அக்காவுக்கு உண்டு.

“ஏங்க, முழுகிப்போன கப்பல எங்க போய்ச் சுரண்டுவீங்க? சோப்புத் தண்ணியில போகுதான்னு மொதல்ல பாருங்க.”

ஒரு தகட்டில் பூசினார்கள், கழுவினார்கள், போய்விட்டது. மறுபடி பூசினார்கள். அத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“தப்பும்மா. துரு தகட்டுக்கு நடுவுல ஆரம்பிக்காது. ரிவெட்டு ஆணிக்குக் கீழ கசிஞ்சு, கோடு கோடா இறங்கும். பிரஷ்ஷ இங்க குடு.”

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அன்று மாலைக்குள் அவர் முழங்கை வரை துரு.

கடைசி நாள் படப்பிடிப்புக்கு ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வயது தொண்ணூற்றாறு. போரின்போது இதே கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளியவர். முகமெல்லாம் கரி பூசிய நடிகர்கள் தளத்தில் அசந்து கிடந்தார்கள். அவர்களைப் பார்த்தார். கோடு கோடாக இறங்கிய துருவைத் தடவினார்.

பிறகு அத்தானிடம் சொன்னார்: “போன வருஷமும் வந்தேன் தம்பி. பளபளன்னு இருந்துச்சு. யாரோட கப்பலோன்னு திரும்பிப் போயிட்டேன். ஏழு மாசம் கரையே பாக்கல நாங்க. பெயின்ட் அடிக்க நேரம் ஏது? இன்னைக்குத்தான் என் கப்பலுக்கு வந்திருக்கேன்.”

அத்தான் அவர் கையைப் பற்றிக்கொண்டார். “ஐயா, நீங்க வேலை பாத்த இடத்தக் காட்டுங்க. கூட இருந்தவங்களப் பத்திச் சொல்லுங்க.”

இருவரும் மெல்லக் கீழே இறங்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மேலே வந்தபோது, அத்தான் கையில் ஒரு காகிதம். அதில் பதினொரு பெயர்கள். கொதிகலன் அறையிலிருந்து வீடு திரும்பாத பதினொரு பேர். எந்த ஏட்டிலும் நாங்கள் காணாத பெயர்கள்.

அன்பர்களே, இரும்பு மட்டுமா கப்பல்? இதற்குள் வியர்த்தவர்கள் யார், விழித்திருந்தவர்கள் யார், வீட்டை நினைத்து விம்மியவர்கள் யார்? தகடுகளை எல்லாம் தேடித் தேடிக் காத்தோம். இந்த மனிதர்களைத் தேட எங்களுக்குத் தோன்றவில்லையே. அதை உணர்த்த ஒரு வாளிப் பொய்த்துரு வரவேண்டியிருந்தது.

துருவைக் கழுவிவிட்டோம். அடித்தகடுகள் மாறிவிட்டன. கப்பல் மிதக்கிறது. கொதிகலன் அறை வாசலில் அந்தப் பதினொரு பெயர்களும் பொறித்த பலகையைத் தலைவர் அவர்கள் இப்போது திறந்துவைக்கப் போகிறார். வாசல் தாழ்வானது, எல்லோரும் தலைகுனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்தபடியே ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.