டெஸ்ஸுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் சபையின் ஜெபச் சங்கிலி என் பொறுப்புக்கு வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். பக்தியில் என்னைவிடப் பெரியவர்கள் பலர் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் முதலில் எனக்குப் போனில் சொல்வார்கள். அதை ஓர் அட்டையில் மூன்று வரிக்கு மிகாமல் எழுதி, பேர்னிஸ் டாகெட்டுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் அடுத்த வீட்டுக்குச் சொல்வாள், அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு வீடுகளில் ஜெபம் நடக்கும். காபியைக் குடியுங்கள் தம்பி, ஆறிவிடும். அந்தப் பதிவுக் கருவி அங்கேயே இருக்கட்டும், எனக்கு இடைஞ்சல் இல்லை.

டெஸ் ஓபர்மன் ஏன் அந்த ஆற்றுப் பாலத்துக்குப் போனாள் என்று விசாரிக்கத்தான் ஷெரிப் உங்களை வீடுவீடாக அனுப்பியிருக்கிறார். இனி வேறு வீட்டுக்குப் போக வேண்டாம். என்னைக் கேட்டால் போதும்.

நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் கட்சிக்குள் நடக்கிற தகராறு தெரிந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் மாவட்டம் முழுக்க ஒரே கட்சிதான். உள்ளே இரண்டு கூட்டம். நாங்கள் சபைக்காரர்கள். மற்றவர்கள், வரியைக் குறை, துப்பாக்கியைத் தொடாதே, என் வேலிக்குள் அரசாங்கம் எட்டிப் பார்க்காதே என்பவர்கள். நவம்பர் தேர்தலில் ஒருவர் இல்லாமல் மற்றவர் ஜெயிக்க முடியாது. மீதி மாதங்களில் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதே பெரும்பாடு.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் உடம்புக்கு முடியாமல் பதவியை விட்டார். அவர் இடத்துக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மாவட்டக் கமிட்டியின் இருபத்திரண்டு பேர். எங்கள் ஆள் கிளின்ட் பார்லோ, சபையின் மூப்பர். அவர்கள் ஆள் லைல் ஓபர்மன், மாட்டு டாக்டர். இரண்டு பேருக்கும் கருக்கலைப்பு பாவம்தான், அதில் வித்தியாசம் இல்லை. எங்கள் மிசௌரியில் தடை இருக்கிறது என்று ஆற்றைக் கடந்து பக்கத்து மாநிலமான இல்லினாய்க்குப் போகிற பெண்களைத் தண்டிக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. தண்டிக்க வேண்டும் என்றார் கிளின்ட். லைல் கூடாது என்றார்.

சபை விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் பலகாரத்தை வெட்டிக்கொண்டே சொன்னார்: "பாலத்துல போலீஸ நிறுத்தி வயித்தத் தடவிப் பாக்கச் சொல்றியா டொரீன்? கன்னுக்குட்டி கடத்துறவனையே நம்மளால பிடிக்க முடியல."

"கர்த்தர் பாத்துக்கிட்டு இருக்கார் லைல்."

"பாக்கட்டும். ஆனா கமிட்டியில அவருக்கு ஓட்டு கிடையாது. உனக்குத்தான் இருக்கு. அத எனக்குப் போடு."

நான் சிரித்தேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். அவர் மனைவி மார்னாவும் நானும் முப்பது வருஷமாக ஆகஸ்ட் மாதத்தில் ஒன்றாக உட்கார்ந்து பீச் பழத்தைப் பாகில் ஊறவைத்து ஜாடியில் அடைக்கிறவர்கள்.

கமிட்டி கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, மார்னா இங்கே வந்தாள். நீங்கள் இருக்கிற அதே நாற்காலி. மகள் டெஸ்ஸுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை, பிறந்தாலும் ஒரு மணி நேரம் தங்காது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இங்கே கைவைக்க எல்லாரும் பயந்தார்கள். போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

"பால் சுரக்குது டொரீன். பிள்ளை இல்ல, பால் மட்டும் சுரக்குது. ராத்திரியெல்லாம் துண்டக் கட்டிக்கிட்டு அழறா," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிராத. நீ மட்டும் ஜெபம் பண்ணு," என்றாள்.

பண்ணினேன். இரண்டு பேரும் இந்த மேஜையில் தலை கவிழ்ந்து அழுதோம். அந்த அழுகையில் துளியும் பொய் இல்லை.

அவள் போன பிறகுதான் அட்டையை எடுத்தேன். இதோ, இதுதான். எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓபர்மன் குடும்பத்துக்காக ஜெபியுங்கள். ஆற்றைக் கடந்து போய் வந்த டெஸ்ஸுக்காகவும், பிறக்க விடப்படாத பிள்ளைக்காகவும்.' இதற்கு நடுவில் ஒரு வரி அடித்திருக்கிறது பாருங்கள். பிழைக்க முடியாத பிள்ளை என்று முதலில் எழுதினேன். எழுதிய பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி இருந்தால் லைல் மேல் எல்லாருக்கும் இரக்கம் வரும் என்று தோன்றியது. அடித்துவிட்டேன். மூன்று வரிக்கு மிகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. உங்கள் போன் அடிக்கிறது தம்பி, வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்.

வந்துவிட்டீர்களா? உட்காருங்கள். முகம் வெளுத்திருக்கிறது. வலைக் கதவு வழியாக நீங்கள் மனைவியிடம் பேசியது காதில் விழுந்தது. "டாக்டர் சொல்றபடியே செய். பிள்ளையப் பத்தி யோசிக்காத. எனக்கு உன் உயிர்தான் முக்கியம்." பாவம், ஆறாம் மாதத்திலா ரத்தம் போகிறது? கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன் என்கிறீர்கள். சரி, சுருக்கமாக முடிக்கிறேன்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. வழக்கம்போல் ஆரம்ப ஜெபம். ஜெபித்தவர் டெஸ் பெயரைச் சொன்னார். பிள்ளைக்காக மனமுருகினார். லைல் எழுந்தார். மகளின் வயிற்றில் இருந்ததை அத்தனை பேர் முன்னால் விளக்கிச் சொல்லி ஓட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உட்கார்ந்தே இருந்தேன். கிளின்ட் ஜெயித்தார். நானும் கை தூக்கினேன்.

அதற்குப் பிறகுதான் டெஸ் வீட்டு வாசலில் குழந்தைக் காலணிகள் வர ஆரம்பித்தன. தினம் காலையில் ஒரு ஜோடி. ஒன்பதாம் நாள் வாசலில் ஒன்பது ஜோடி. அவள் எதையும் தூக்கிப் போடவில்லை, வரிசையாக அடுக்கி வைத்தாள் என்று மார்னா சொன்னாளாம். அன்று மத்தியானம் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். சாயங்காலம் வண்டி மட்டும்தான் அங்கே நின்றது. காலணிகளை வைத்தது யார் என்று ஊரெல்லாம் கேட்டீர்கள். மற்ற எட்டும் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. முதல் ஜோடி என்னுடையது. மஞ்சள் கம்பளி நூல். டெஸ் கர்ப்பம் என்று கேட்ட நாளில் சந்தோஷமாகப் பின்ன ஆரம்பித்தது. முடித்ததை வீணாக்க மனமில்லை, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். வைத்துவிட்டு வந்ததைப் பேர்னிஸிடம் சொன்னேன். அதுவும் சங்கிலியில் போயிருக்கிறது.

நான்தான் அவளைக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அந்த மஞ்சள் நூல்தான் தெரிகிறது. மார்னா என் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை, இந்த ஆகஸ்டில் பீச் ஜாடிகள் காலியாகக் கிடக்கும். ஒருவர் ரகசியமாகச் சொன்ன துக்கத்தை இனி நான் கையில் எடுக்கவே கூடாது, அது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? பேனா நன்றாக எழுதுகிறது.

நீங்கள் மனம் கலங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் தம்பி. நீங்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தபோதே பேர்னிஸைக் கூப்பிட்டுவிட்டேன். இந்நேரம் நாற்பத்தோரு வீடுகளிலும் உங்கள் மனைவிக்காக முழங்காலில் நிற்பார்கள். பிள்ளை வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவுக்காக என்று மட்டும்தான் சொன்னேன். ரத்தம் போவதையெல்லாம் சொல்லவில்லை, அது உங்கள் வீட்டு ரகசியம்.