நீல மூடி, வெள்ளை மூடி

அசையாதீங்க மேடம், அசையாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க. பல்லுக்கு அளவெடுக்கிற மாவு இன்னும் இறுகல. இப்ப தலையத் திருப்பினீங்கன்னா அளவு கோணிக்கும், மறுபடி முதல்லேருந்து கலக்கி வைக்கணும். மூணு மணிக்கு மேடையில ஒப்பந்தக் கையெழுத்து. இப்பவே ஒண்ணேகால். டாக்டர் கீழ லேபுக்குப் போயிருக்காரு, தற்காலிகப் பல்லுக்கு நிறம் பாத்து எடுத்துட்டு வர. அதுவரைக்கும் தட்டை அழுத்திப் பிடிச்சுக்கோன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனாரு. பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வலிச்சா மட்டும் இடது கையத் தூக்குங்க. சரியா?

ஆமா, உங்க போன்தான். இந்த ஒப்பந்தத்த ஏற்பாடு பண்ண பிசினஸ் துறை சாரா இருக்கும். அடிக்கட்டும், வாயில தட்டை வெச்சுக்கிட்டு அவர்கிட்ட என்ன பேசப் போறீங்க? அங்க மேசையிலேயே இருக்கட்டும்.

பேனாவக் கடிக்காதீங்க, கடிக்காதீங்கன்னு எத்தன தடவை சொல்லியிருப்பேன். மாணவியா வந்த நாள்லேருந்து உங்களுக்கு இந்தப் பழக்கம். பரீட்சைக்கு முன்னாடி நாலு பேனா காலியாகும், மை தீந்து இல்ல, கடிச்சுக் கடிச்சு. இன்னிக்குப் பாருங்க, ஒப்பந்தத்த கடைசியா ஒரு தடவை படிக்கிறேன்னு உக்காந்து, முன்பல்லுல பாதி போச்சு. பல் டாக்டருக்கே முன்பல் இல்லன்னா மேடையில எப்படிச் சிரிக்கிறது? சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. தட்டு ஆடுது.

எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து சாயந்தரத்துலேருந்து சொல்லணும்னு அலையறேன். ஆறு தடவை போன் பண்ணேன், கட் பண்ணிட்டீங்க. காலையில ரூம் வாசல்ல நின்னேன். உள்ள அந்த சார், கூட ரெண்டு பேர் கோட்டு போட்டுக்கிட்டு. அப்புறம் பேசலாம் அக்கான்னு கதவச் சாத்திட்டீங்க. தப்பாச் சொல்லல. உங்க அவசரம் உங்களுக்கு. ஆனா நீங்க பேச ஆரம்பிச்சா மத்தவங்களுக்கு இடமே கிடைக்காது மேடம், அது உங்களுக்கே தெரியும். இப்ப இந்த அஞ்சு நிமிஷம் எனக்குக் கிடைச்சிருக்கு.

நம்ம ஆராய்ச்சியப் பத்தித்தான். கண்ண உருட்டாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா வரிசையாச் சொன்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்.

ரொட்டித் தொழிற்சாலையிலேருந்து குப்பைக்குப் போற முட்டை ஓட்ட எடுத்து, கழுவி, வறுத்து, மாவா அரைச்சு, பல்லுல பள்ளம் அடைக்கிற பசையாக்கலாம்னு நீங்க சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் உங்க உழைப்பப் பாத்து வாயை மூடிக்கிட்டேன். எம்பது பிள்ளைங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் கடைவாய்ப் பல்லுல முட்டை ஓட்டுப் பசை, இன்னொரு பக்கம் நாம எப்பவும் போடற பழைய பசை. ஒரு வருஷம் கழிச்சு எது நிக்குது, எது விழுதுன்னு பாக்கணும்.

எது எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. தெரிஞ்சா நம்மள அறியாமலே கண்ணு ஒரு பக்கம் சாயும்னு. ரெண்டு டப்பா வந்துச்சு. ஒரே டப்பா, ஒரே பொடி மாதிரி, பேரு இல்ல, நம்பர் இல்ல. ஒண்ணுக்கு நீல மூடி, ஒண்ணுக்கு வெள்ளை மூடி, அவ்வளவுதான். எது என்னன்னு கணக்குத் துறை ஐயா ஒருத்தர்தான் எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, டீன் அலமாரியில பூட்டினாரு. நான் நீலத்துலேருந்து எடுத்துக் கலக்கித் தருவேன், வெள்ளையிலேருந்து எடுத்துக் கலக்கித் தருவேன். நீங்க போடுவீங்க. அட்டையில நீலம், வெள்ளைன்னு குறிப்போம்.

இறுகுது, இறுகுது. கொஞ்சம் பொறுங்க.

வருஷக் கடைசியில நீலம் எழுபத்திரண்டு பல்லுல கல்லு மாதிரி நின்னுச்சு. வெள்ளை பாதிக்கு மேல விழுந்துபோச்சு. கவரப் பிரிச்சா, நீலம்தான் முட்டை ஓடு. நீங்க என்னக் கட்டிப் பிடிச்சீங்க. இந்த நாற்காலி பக்கத்துல இருபத்திரண்டு வருஷமா நிக்கிறேன், ஒரு டாக்டர் என்னக் கட்டிப் பிடிச்சது அன்னிக்குத்தான். ஸ்டெரிலைசர் ரூமுல போய் நின்னு அழுதேன், தெரியுமா? சந்தோஷத்துலதான்.

ஆனா மேடம், அப்பவே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. பழைய பசைய நாம பதினஞ்சு வருஷமாப் போடறோம். பாதிக்குப் பாதி விழுந்து எப்பவாவது பாத்திருக்கமா? நான் கேட்டேன் உங்ககிட்ட. இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு ஒழுங்காத் திரும்பக் கூப்பிட்டுப் பாத்ததில்ல அக்கான்னீங்க. சரி, படிச்சவங்க சொல்றாங்கன்னு விட்டுட்டேன். அந்தக் கன்னம் வீங்கின பொண்ணு ஞாபகம் இருக்கா? பசை விழுந்த பள்ளத்துல சொத்தை இறங்கி, சீழ் கட்டி, ரெண்டு நாள் பட்டினியா வந்துச்சே. அட்டையப் பாத்துட்டு, நல்லவேளை, வெள்ளைப் பக்கம்னு சொன்னீங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன்.

கையத் தூக்கறீங்க. வலியா? இல்லல்ல. அப்ப கீழ வைங்க.

நேத்து அந்த ரெண்டு டப்பாவையும் மேடையில காட்சிக்கு வைக்கணும், பளிச்சுன்னு துடைச்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. என்கிட்ட கழுவற வேலை சொன்னா விடுவேனா? பசங்க எனக்குக் கழுவல் அக்கான்னே பேரு வெச்சிருக்காங்க, தெரியும். தொட்டியில உப்புக் கறை படிஞ்சிருந்துச்சு. அதப் போக்கலாம்னு வினிகர் ஊத்தி வெச்சிருந்தேன். வெள்ளை மூடி டப்பாவத் தட்டினேன். அடியில ஒட்டியிருந்த பொடி கொஞ்சம் அந்த வினிகர்ல விழுந்துச்சு.

நுரைச்சுது மேடம். புஸ்ஸுன்னு.

எனக்கு ரசாயனமெல்லாம் தெரியாது. ஆனா போன மாசம்தான் என் பொண்ணு பள்ளிக்கூடத்துல சொன்னாங்கன்னு முட்டைய வினிகர்ல போட்டு வெச்சா. ஓடு பூரா நுரைச்சு நுரைச்சுக் கரைஞ்சு, முட்டை பந்து மாதிரி ஆயிடுச்சு. வீடு பூரா நாத்தம். அதே நுரை. அப்புறம் நீல டப்பாவிலேருந்து ஒரு சிட்டிகை போட்டேன். சும்மா கிடந்துச்சு. அது பழைய பசைப் பொடி, கண்ணாடித் தூள்தானே, அது எங்க நுரைக்கும்? என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. வேற கிண்ணம், புது வினிகர். மூணு தடவை போட்டுப் பாத்தேன். மூணு தடவையும் வெள்ளைதான் நுரைச்சுது.

ஆமா. நீங்க நினைக்கிறதுதான். கவர்ல நீலம்தான் முட்டை ஓடுன்னு இருக்கு. டப்பாவுல வெள்ளையிலதான் முட்டை ஓடு இருக்கு. அப்ப கல்லு மாதிரி நின்னது பழசு. விழுந்தது நம்மளோடது. அந்தப் பொண்ணுக்கு கன்னம் வீங்கினதும் நம்மளோடதாலதான்.

எழுந்திரிக்காதீங்க! இதோ பாருங்க, கைய எடுங்க, தட்டைத் தொடாதீங்க. இழுத்தீங்கன்னா உடைஞ்ச பல்லு மிச்சமும் வந்துடும். உக்காருங்க. மூக்கால, மூக்கால மூச்சு விடுங்க. நானும் விடறேன்.

அனுப்பினவங்க மூடியத் தப்பாப் போட்டிருப்பாங்கன்னு உங்களுக்கு ஓடும். எனக்கும் ஓடிச்சு. அப்படி இருந்துடக் கூடாதான்னு ஆசையாக்கூட இருந்துச்சு. பழி வேற எங்கயாவது போகட்டும், எனக்கென்னன்னு. ஆனா அப்படி இல்ல மேடம். முதல் நாள் டப்பா ரெண்டும் ஸ்டோர்லேருந்து தூசியா வந்துச்சு. இத்தன பிள்ளைங்க வாயில போற பொருள், இப்படியா வர்றதுன்னு ரெண்டு மூடியையும் கழட்டி, கிருமிநாசினிக் கிண்ணத்துல போட்டேன். யாரும் கழுவச் சொல்லல. நானாத்தான். அந்த நேரம் பாத்து வெளிய ஒரு பிள்ளை வாந்தி எடுத்துடுச்சு. ஓடினேன், துடைச்சேன், திரும்பி வந்தேன். மேசையில ரெண்டு டப்பாவும் வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. கிண்ணத்துல நீலம் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு மிதக்குது. இடப்பக்கம் நீலம்னு நினைச்சேன். போட்டுட்டேன்.

நினைச்சேன்னுதான் சொல்றேன், தெரியும்னு சொல்லல. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். வேற டப்பா வரவழைச்சிருப்பீங்க, ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், முடிஞ்சிருக்கும். ஆனா அதுக்கு முந்தின வாரம்தான் கருவித் தட்டு மாறிப் போச்சுன்னு பசங்க முன்னாடி, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கோங்கன்னு சொன்னீங்க. உங்க மேல பழி போடல. பயந்தது நான். எந்த மூடியா இருந்தா என்ன, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதானே போடறோம்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். இந்த முட்டாள்தனத்த எம்பது பிள்ளைங்க வாயில ஒரு வருஷம் சுமக்க விட்டுட்டேன்.

எல்லாத்தையும் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டு என் பையில வெச்சிருக்கேன். மூடிய மாத்தினது நான், மேடத்துக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன். மேடைக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு டப்பா, ஒரு வினிகர் பாட்டில், அத யாரும் மறுத்துப் பேச முடியாது. என் வேலை போகும். போகட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தைரியமில்ல, ஆனா போகும். உங்க பேரும் கொஞ்சம் அடிபடும். அந்த சார் என்ன சொல்வாருன்னு எனக்கும் தெரியும். நாப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நம்ம பசை, குப்பை இல்லாத தொழில், படம் போட்ட அட்டையெல்லாம் அச்சடிச்சாச்சுன்னு குதிப்பாரு. நுரை வந்தா என்ன, வராட்டி என்ன, கையெழுத்தப் போடுங்கம்பாரு. நீங்க என்ன சொல்வீங்கன்னுதான் எனக்குத் தெரியல. இருபத்திரண்டு வருஷத்துல உங்க விஷயத்துல எனக்குத் தெரியாம இருக்கிறது இது ஒண்ணுதான்.

அட, கண்ணு கலங்குது. இருங்க, துடைக்கிறேன். உங்களுக்கில்ல, எனக்கு.

அந்த நாப்பதுல என் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடமும் ஒண்ணு. திங்கக்கிழமை அங்கதான் ஆரம்பிக்கிறாங்களாம். பெத்தவங்க சம்மதப் படிவம் வந்திருக்கு, மேல உங்க படம் போட்டு. எங்க அம்மா ஆஸ்பத்திரி மருந்துன்னு வகுப்பு பூரா பீத்திக்கிட்டு வந்திருக்கா. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். காலையில பேனாவ எடுத்தேன். ஓரத்தக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், உங்கள மாதிரி.

படிவம் இதோ, ஏப்ரன் பாக்கெட்டுலதான் இருக்கு. அளவு எப்பவோ இறுகிடுச்சு மேடம், அஞ்சாறு நிமிஷம் ஆச்சு. நான்தான் எடுக்கல. இதோ, எடுத்துடறேன். வாய நல்லாத் திறங்க. ம். வந்துடுச்சு. கொப்பளிங்க. நிதானமாக் கொப்பளிங்க, மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கொப்பளிச்சுட்டு நீங்களே சொல்லுங்க மேடம், என் பொண்ணுக்கு நான் கையெழுத்துப் போடவா, வேண்டாமா?